சிம்னி ஓடுது சரி, புகை எங்க போகுது?

1/ வெம்பக்கோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. ஐம்பது வயசுக்கு மேல. பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்ல. ரெண்டு வருஷமா இருமல், நாலு படி ஏறினா இளைப்பு. இன்ஹேலர் கொடுத்தா குறையுது, திரும்ப வருது. மூணாவது தடவை வந்தப்பதான் கேட்டேன், "வீட்ல எதுலம்மா சமைக்கிறீங்க?"னு. முதல் நாளே கேட்டிருக்கணும். அது என் தப்பு.

2/ "கேஸ்தான் டாக்டர். மகன் சிம்னிகூட மாட்டிக் கொடுத்திருக்கான்."
"நல்லா இழுக்குதா?"
"சத்தம் நல்லா வருது டாக்டர்."
இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு பெரிய பதிவு.

3/ மகன்கிட்ட போட்டோ கேட்டேன். சிம்னி குழாய் மேல போய் பரணுக்குள்ள முடியுது. சுவர்ல ஓட்டையே போடல. "புது பெயின்ட் டாக்டர், அசிங்கமாயிடும்னு விட்டுட்டோம்." அதாவது மிளகா வத்தல் வறுக்கிற புகையை உறிஞ்சி, பரண்ல விட்டு, அங்க இருந்து அந்தம்மா மூக்குக்கே திருப்பி அனுப்புற மெஷின். அதுக்கு கரண்ட் பில் வேற.

4/ நம்ம ஊர்ல பட்டாசு ஆலைக்கு ஷெட்டுக்கு ஷெட் எவ்வளவு இடைவெளி, ஒரு ஷெட்ல எத்தனை பேர் இருக்கலாம்னு விதி இருக்கு. மீறுறாங்க, அதனால உயிர் போகுது, அது வேற சண்டை. ஆனா பகல் முழுக்க ஆலையில மருந்துத் தூசியில உட்கார்ந்துட்டு வர்ற பெண், சாயங்காலம் நுழையுற அடுப்படியை சோதிக்க யார் வர்றாங்க? வீட்ல இருக்கிற நாமளே எட்டிப் பார்க்கிறதில்ல.

5/ உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2020-ல் வீட்டுக்குள் உண்டாகும் புகையால இறந்தவங்க சுமார் 32 லட்சம் பேர். பெரும்பங்கு விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய். "நாங்கதான் கேஸுக்கு மாறிட்டோமே"ம்பீங்க. கேஸ் எவ்வளவோ மேல், மறுக்கல. ஆனா கேஸ் அடுப்பும் நைட்ரஜன் டை ஆக்சைடு விடும். காய்ஞ்ச எண்ணெய்ப் புகையும் வத்தல் நெடியும் எந்த அடுப்புல வச்சாலும் வரும். அதோட பின்கட்டுல வெந்நீருக்குக் கருவேல விறகு எரியலைன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்.

6/ இன்னிக்கே செய்ய வேண்டிய சோதனை. அடுப்பை அணைச்சிட்டு சிம்னியைப் போடுங்க. ஒரு மெல்லிய தாளை ஃபில்டர்ல வைங்க. ஒட்டி நிக்கணும். அடுத்து வெளிய போய் குழாய் முடியுற இடத்துல கையை வைங்க. காத்து அடிக்கணும். பலர் செய்யாதது இந்த ரெண்டாவது சோதனையைத்தான்.

7/ தாள் விழுதா? முதல்ல ஃபில்டரைக் கழட்டுங்க. வெந்நீர், பாத்திரம் கழுவுற சோப்பு, சமையல் சோடா போட்டு அரை மணி நேரம் ஊற வைங்க. நம்ம சமையலுக்கு மாசம் ஒரு தடவை வேணும். 'ஆட்டோ கிளீன்'னு எழுதியிருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை நீங்கதான் கொட்டணும்.

8/ தாள் ஒட்டுது, வெளிய காத்து வரலையா? குழாய் நசுங்கியிருக்கும், இல்ல வாய்மூடி எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டியிருக்கும், இல்ல இந்த வீடு மாதிரி பரண்ல முடியும். வளைவு கூடக்கூட இழுவை குறையும். ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டாலும் இழுக்காது. உள்ள காத்து வந்தாத்தானே வெளிய போகும்?

9/ 'ம்ம்'னு உறுமுது, சுத்தலையா? பிசுக்குல இறுகியிருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம். நீங்க கை வைக்காதீங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

10/ "குழாயே வேண்டாம், கரி ஃபில்டர் போதும்"னு விற்கிறாங்களே, அவங்ககிட்ட ஒரே கேள்வி: கார்பன் மோனாக்சைடு எங்க போகும்? கரி ஃபில்டர் வாசனையைக் குறைக்கும். அதையும் சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. சிம்னி வாங்க வசதி இல்லையா? வெளிச்சுவர்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னல். குழாய் இல்லாத சிம்னிக்கு இது எவ்வளவோ தேவலை. தூசி வருதுன்னு அதுல அட்டையை வச்சு அடைச்சிருந்தா முதல்ல எடுங்க.

11/ பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து ஆயில் மாத்துறோம். டிவி நின்னா அன்னிக்கே ஆள் வருது. அடுப்படி ஃபேன் நின்னு ஆறு மாசம் ஆனாலும் "பார்த்துக்கலாம்". ஏன்? அது நின்னா இருமுறது நாம இல்ல. இதுல மெக்கானிக் மேலயும் மெஷின் மேலயும் பழி போடாதீங்க.

12/ அந்த வீட்ல இப்போ சுவர்ல ஓட்டை போட்டாச்சு. அரை நாள் வேலை. இருமல் குறைஞ்சிருக்கு. இன்ஹேலரை நிறுத்த முடியல. கெட்ட நுரையீரலைக் கழட்டி சோடாவுல ஊற வைக்க முடியாது.

13/ சக டாக்டர்களே, புகைப்பழக்கம் உண்டான்னு கேட்கிறப்போ அடுப்பையும் கேளுங்க. மத்தவங்க, இந்தப் பதிவை ஷேர் பண்றதுக்கு முன்னாடி எழுந்து போய் அந்தத் தாளை வச்சுப் பாருங்க.