நுரையீரல் சிகிச்சைக்குக் குடலும் துணை

இருமல் வந்தால் சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் பலர் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். 'தறித் தூசிதான், சரியாயிரும்' என்று நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த மாத்திரை நோய்க்கிருமியோடு சேர்த்து, குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. இதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

நம் உடலின் எதிர்ப்பு அணுக்களுக்குப் புற்றுநோய் ஒரு 'பிரேக்' போட்டுவிடுகிறது. அந்த பிரேக்கை விடுவிப்பதே இம்யூனோதெரபி. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், இந்த சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. காரணம் தேடிய பாரிஸ் மருத்துவர்கள் அதே ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இம்யூனோதெரபி பெற்ற 249 பேரில் பெரும்பாலோர் நுரையீரல் புற்றுநோயாளிகள். சிகிச்சை தொடங்கிய காலத்தை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் 69 பேர். மற்றவர்களைவிட இவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. பலன் பெற்றவர்களின் குடலில் 'அக்கர்மான்சியா' என்ற பாக்டீரியா அதிகம் காணப்பட்டது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது, வேலை செய்யாதிருந்த மருந்து வேலை செய்தது.

ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் ஏற்கெனவே அதிகம் நலிந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். அதனால் இதுவே முடிவான தீர்ப்பு அல்ல. ஆனாலும் எச்சரிக்கை தேவை.

வீட்டில் யாருக்காவது இந்த சிகிச்சை நடந்தால், சளி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் மெடிக்கலில் நேரடியாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேசமயம், நோய்த்தொற்றுக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்தால் பயந்து தவிர்க்கக் கூடாது. தொற்று முற்றினால் உயிருக்கே ஆபத்து.

'நல்ல பாக்டீரியா' என்று விற்கும் மாத்திரைகளையும் தானாக வாங்க வேண்டாம். அவை புற்றுநோயாளிகளுக்கு உதவும் என்பது நிரூபிக்கப்படவில்லை. குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த உணவு நார்ச்சத்துதான். கம்பு, சோளம், பயறு, கீரை என நம் வீட்டு அடுக்களையிலேயே அது இருக்கிறது. சிகிச்சையின்போது எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருமல் 2 வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ தூசியின் மேல் பழி போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்துகொள்ளுங்கள். காசநோயா, புற்றுநோயா, வேறு எதுவுமா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். நாலு மாத்திரையில் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கே லாபம்.