அதுவே பாத்துக்கும் சார்!

ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு. "டி-யில போட்டுட்டு விட்டுடுங்க சார், மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்." பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் அது பார்த்துக்கொள்ளும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி பக்கம் இறங்கும்போது?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐம்பது கி.மீ. தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி 500 மீட்டர் சுமாருக்குத்தான். சூளகிரி, மேலுமலை என்று மொத்தத்தில் இறங்கிக்கொண்டே போகிற ரோடு. அதே நெடுஞ்சாலையில் தருமபுரியும் தாண்டினால் தொப்பூர் கணவாய். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே கட்டுப்பாடு இழந்த லாரிகள் மற்ற வண்டிகள் மேல் மோதி, இரண்டு முறையும் நான்கு நான்கு உயிர்கள் போயின. நியூட்ரலில் உருட்டாதே, சின்ன கியரில் இறங்கு என்பது அந்த ரோட்டில் லாரிக்காரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். கார்காரர்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை? அதுதான் "அதுவே பாத்துக்குமே".

சரி, அது என்ன பார்க்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நான்கு கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் கடைசி கியர்தான் ஓவர்டிரைவ். மூன்றாவதில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவதும் ஒரு சுற்று. ஓவர்டிரைவில் எஞ்சின் 0.7 சுற்று சுற்றினாலே போதும். மைலேஜுக்கு ரொம்ப நல்லது. இறக்கத்தில் இதுவே தலைகீழ். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் மெதுவாகவே சுற்றுவதால் வண்டியைப் பிடித்து இழுக்காது, பாரம் முழுக்க பிரேக் மேல். ஓவர்டிரைவை அணைத்தால் அதே வேகத்தில் 2000 ஆர்.பி.எம். என்பது 2850 பக்கம் போகும். எஞ்சினே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது லாக்அப். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எண்ணெய்க்குள் எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று சுற்றினால் எண்ணெய் வழியாக மற்றதும் சுற்றும், ஆனால் கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால் எண்ணெய் சூடாகும், பெட்ரோலும் வீண். அதனால் வேகம் வந்ததும் இரண்டையும் ஒரு கிளட்ச் சேர்த்துப் பூட்டுகிறது. அதுதான் லாக்அப். 1949-ல் பேக்கார்டு கம்பெனி செய்த கார்களிலேயே இது இருந்தது, புதுசு ஒன்றும் இல்லை. பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் காலை எடுத்ததும் பூட்டு கழன்றுவிடும். அதாவது எஞ்சின் பிடித்து இழுக்க வேண்டிய நேரத்தில்தான் வழுக்கல் ஆரம்பிக்கும். மேட்டில் ஏறும்போதோ நான்காவது, மூன்றாவது, பூட்டு, திற என்று மாறி மாறி அல்லாடி எண்ணெயைக் கொதிக்க வைக்கும்.

இதையெல்லாம் வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் மைலேஜ் சான்றிதழுக்கான சோதனை நடப்பது உருளைகள் மேல். கார் நின்ற இடத்திலேயே ஓடும். இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகம் 90 கி.மீ. அதில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மேலுமலையும் தொப்பூரும் அந்தத் தாளில் இல்லை. சீக்கிரம் ஓவர்டிரைவுக்குப் போ, சீக்கிரம் பூட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் விளம்பரத்தில் போட நல்ல எண் கிடைக்கும்.

மாருதியின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகளில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். கியர் குமிழின் பக்கவாட்டில் குட்டியாக ஒரு பட்டன், ஓவர்டிரைவை அணைக்க. வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதை அழுத்தியிருப்பார்களோ :-) 2022-ல் எர்டிகாவுக்கு ஆறு கியர் பெட்டி வந்தபோது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்புகள் வந்தன. அதுவும் கியரைத்தான் மாற்றும், லாக்அப் கம்ப்யூட்டரின் தனிச் சொத்து.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் கொண்டுவந்த 700-ஆர்4 என்ற கியர்பாக்ஸைப் பழைய கார்களில் மாட்டுகிறவர்கள் லாக்அப்புக்குத் தாங்களே ஸ்விட்ச் போட்டுக்கொள்கிறார்கள். சோலெனாய்டுக்கு 12 வோல்ட் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒயரை பிரேக் பெடல் ஸ்விட்ச் வழியாக எடுக்க வேண்டும். நேரே பேட்டரியில் கொடுத்தால், கிளட்சை மிதிக்காமல் நிறுத்திய வண்டி மாதிரி எஞ்சின் திணறி அணைந்துவிடக்கூடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ரிலேயும் கையுமாகக் கிளம்புகிற வீரர்களுக்கும் இந்தக் கட்டுரையில் ஆதரவு இல்லை. இன்றைய கார்களில் அதுவும் நடக்காது. சோலெனாய்டு ஒயரை வெட்டினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, விளக்கைப் போட்டு, ஒரே கியரில் முடங்கிக்கொள்ளும்.

சட்டமும் வேடிக்கைதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 15-ன்படி லைசென்ஸ் கேட்பவர் இறக்கத்தில் விரைவாகச் சின்ன கியருக்கு மாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சோதனை நடப்பதோ சமதளத்தில், எட்டு போட்டு. இன்னொரு பக்கம், 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஒரு ஸ்விட்ச் எப்படி மாற்றம் ஆகும் என்று வாதாடலாம். என்ன, வாதாட வேண்டியிருப்பது விபத்துக்கு அப்புறம், இன்சூரன்ஸ் கம்பெனியோடு.

ஆக, சொந்தமாகப் போடக்கூடாது. கம்பெனியாவது போட்டுத் தர வேண்டாமா? ஓவர்டிரைவுக்கு ஒன்று, லாக்அப்பைப் பிடித்து வைக்க ஒன்று. பிரேக் பலமாக மிதித்தாலோ எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றினாலோ மறுக்கும் உரிமை கம்ப்யூட்டருக்கே இருக்கட்டும். தெரியாமல் அழுத்திவிட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் மைலேஜ் போகும். இரண்டு பட்டன், இரண்டு முழ ஒயர், சில வரி மென்பொருள். ஒரு காருக்கு அற்பம், லட்சம் கார்களால் பெருக்கினால் தொகை பெரிதாகத் தெரியும் என்பது காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குப் புரியும். ஆனால் அதே கம்பெனிகள் உட்கூரையில் ஜன்னல் வைக்கக் கணக்குப் பார்ப்பதில்லையே!

"இப்போதைய கார்கள் இறக்கத்தைக் கண்டு தாமே கியரைக் குறைக்கின்றன" என்பார்கள். உண்மை, சில குறைக்கின்றன. பெரும்பாலும் வேகம் ஏறிய பிறகு, பிரேக் மிதித்த பிறகு. கம்ப்யூட்டருக்குத் தெரிவது நடந்து முடிந்தது. எதிரே வளைவு இருப்பதும், அதில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருப்பதும் தெரிவது ஓட்டுகிறவருக்கு. இதே ரோட்டில் போகும் வால்வோ மல்டி ஆக்சில் பஸ்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய டிரைவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ரிடார்டர் நெம்புகோல் இருக்கிறது. அவருக்கே தேவைப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேலத்துக்குக் குடும்பத்தோடு போகிறவருக்குத் தேவையில்லையாம்!

இப்போது ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. கியரைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் இறக்கம் அப்படியே இருக்கிறது. அங்கே மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் அந்தப் பிடி குறைந்துபோகும். 2022-ல் வந்த நெக்ஸான் இவி மேக்ஸில் எவ்வளவு பிடி வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே தேர்ந்தெடுக்க ஸ்விட்ச் வைத்தார்கள். பல நிலைகள். மின்சாரக் காரில் வைக்க முடிந்ததை பெட்ரோல் காரில் ஏன் வைக்கவில்லை என்று அடுத்த முறை ஷோரூமில் யாராவது "அதுவே பாத்துக்கும்" என்னும்போது கேட்டுப் பாருங்கள்.