நாற்காலியும் ஊழியமும்

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாக 2025 ஜனவரி 20-ந் தேதி மீண்டும் பதவியேற்ற டிரம்ப், அன்றைக்கே ஓர் உத்தரவு பிறப்பித்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் ஏற்பாட்டை இலாகாத் தலைவர்கள் நிறுத்தி, எல்லோரையும் முழு நேரமும் காரியாலயத்துக்கு வரச் செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். 2010-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை சட்டமியற்றி ஆதரித்து, 2020-ல் கொள்ளைநோயின்போது எங்கும் பரவிய முறை இவ்விதம் ஒரே நாளில் தலைகீழாயிற்று.

உத்தரவின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. காங்கிரஸின் தணிக்கை ஸ்தாபனம் 2023-ல் 24 இலாகாக்களின் தலைமைக் காரியாலயங்களைப் பரிசீலித்தது. அவற்றுள் 17-ல் இடவசதியில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உபயோகத்திலிருந்தது. ஜனங்களின் வரிப்பணம் காலி அறைகளுக்குச் செலவாவது தகாது. புதிதாய்ச் சேர்ந்தவன் அனுபவசாலியின் அருகிலிருந்து கற்பதும் அவசியமே.

ஆனால், சர்க்கார் ஊழியர் யாவரும் வீட்டில் சுகமாகக் காலங்கழிக்கின்றனர் என்ற பிரசாரம் உண்மைக்கு வெகு தூரம். 2024 ஆகஸ்டில் அந்த சர்க்காரே வெளியிட்ட கணக்கின்படி, 100-க்கு 54 பேர் வேலையின் தன்மை காரணமாக நேரில் வந்தே தீரவேண்டியவர்கள். முற்றிலும் வெளியிலிருந்து வேலை செய்தவர்கள் 100-க்கு 10 பேரே. இரண்டுக்கும் இடைப்பட்டவர்களும் தங்கள் வேலை நேரத்தில் 100-க்கு 61 பங்கு காரியாலயத்திலேயே இருந்தனர்.

பின் ஏன் இவ்வளவு அவசரம்? 2024 நவம்பரில் மிஸ்டர் மஸ்க்கும் மிஸ்டர் விவேக் ராமசாமியும் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் இதன் அந்தரங்கத்தை வெளியிட்டுவிட்டனர். வாரம் ஐந்து நாளும் வரவேண்டுமென்றால் ஏராளமானோர் தாமாகவே விலகுவர், அதைத் தாங்கள் வரவேற்பதாக எழுதினர். உத்தரவு பிறந்த எட்டே நாளில், ராஜிநாமாச் செய்வோருக்குச் செப்டம்பர் வரை சம்பளம் உண்டு என்ற கடிதமும் ஊழியர்களுக்குச் சென்றது.

ஆட்குறைப்பு அவசியமானால், எந்த வேலை வேண்டாம் என்று காங்கிரஸின் முன் பகிரங்கமாகச் சொல்லிச் செய்யட்டும். வருகை விதியைக் கொண்டு மனிதர்களை வெளியேறச் செய்வது நேர்மையான நிர்வாகமாகாது, புத்திசாலித்தனமும் ஆகாது. இத்தகைய விதியால் முதலில் விலகுகிறவன், வேறிடத்தில் உடனே வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலி. அவனுடன், வயோதிகப் பெற்றோரைக் கவனிக்கவேண்டிய பெண்ணும் விலகுவாள். சோம்பேறி விலகமாட்டான், அவனுக்கு வேறு போக்கிடம் ஏது? முடிவில் நஷ்டம் ஜனங்களுக்கே.

இந்திய சர்க்காரும் 2020-ல் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்து, 2022 பிப்ரவரி 7-ந் தேதி முதல் எல்லோரும் காரியாலயத்துக்கு வரவேண்டுமென்று விதித்தது. நாற்காலியில் ஆள் இருந்தும் காரியம் நடவாத காரியாலயங்களை நாம் நன்கறிவோம். மனுக்கொடுத்த ஏழைக்கு எத்தனை நாளில் பதில் கிடைத்தது? அந்தக் கேள்வியே உத்தியோகஸ்தரை அளக்கும் கோல். எந்த சர்க்காராயினும் அந்தக் கோலைக் கையிலெடுத்த பிறகு வருகை விதியைப்பற்றிப் பேசட்டும்.