ஆள் குறைந்ததா, தரம் குறைந்ததா?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். இப்போது மென்பொருள் துறையில் பணிபுரிகிறார். பேச்சு பல திசைகளில் சென்று, கல்லூரி நாள்களில் அவர் விளையாடிய ஓர் இணைய விளையாட்டில் வந்து நின்றது. வகுப்பு முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்கில் காசு கொடுத்து அமர்ந்து 'ரூன்ஸ்கேப்' விளையாடுவாராம். பல ஆண்டுகள் கழித்து அதே கணக்கைத் திறந்து பார்த்தபோது, நண்பர் பட்டியலில் இருந்த பெயர்கள் அத்தனையும் சிவப்பு நிறத்தில் இருந்தனவாம். அந்த விளையாட்டில் பச்சை என்றால் நண்பர் உள்ளே இருக்கிறார். சிவப்பு என்றால் இல்லை. "ஊர் அப்படியே இருக்கிறது சார், ஆள்தான் இல்லை" என்றார்.

ஆள் போனதால் விளையாட்டு கெட்டதா, விளையாட்டு கெட்டதால் ஆள் போனார்களா? விளையாடுவோரிடையே நெடுங்காலமாக ஓயாத விவாதம் இது என்று அவர் சொன்னபோது, எந்தக் கணினி விளையாட்டையும் தொட்டறியாத எனக்கும் ஆர்வம் பிறந்தது. வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் நடத்திய பாடத்தின் மையக் கேள்வி அது.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் கோவர் சகோதரர்கள். நடத்துவது கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை நாட்டில் உலவுகிறார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கனிமம் தோண்டலாம், இரும்படித்துக் கவசம் செய்து விற்கலாம். இந்த ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்றில்லை. நிறுவனம் நிலத்தையும் விதிகளையும் தருகிறது. அந்த நிலத்துக்கு மதிப்பைத் தருவது அங்கே நடமாடும் மற்ற மனிதர்கள். தெருவில் ஒரே வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்தால் அதனால் பயனில்லை. இணைப்புகள் கூடக்கூட ஒவ்வோர் இணைப்பின் மதிப்பும் கூடும். இதனைப் பொருளியலில் வலையமைப்பு விளைவு என்கிறோம். இந்த விளைவு இறங்குமுகத்திலும் அதே வேகத்தில் செயல்படும். ஒருவர் விலகும்போது எஞ்சியவர்களின் அனுபவமும் சிறிது குறைகிறது. அதனால் அடுத்தவர் விலகுகிறார்.

விவாதத்தில் இரு தரப்புகள் உண்டு. முதல் தரப்பினர், நிறுவனத்தின் பேராசையும் தவறான மாற்றங்களுமே சரிவுக்குக் காரணம் என்கிறார்கள். இரண்டாம் தரப்பினர், பள்ளிப் பருவத்தில் விளையாடியவர்கள் வளர்ந்து வேலை, குடும்பம் என்று போய்விட்டார்கள். குறை சொல்பவர்கள் தேடுவது தங்கள் பதினைந்து வயதைத்தான் என்கிறார்கள். இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எந்த விளையாட்டுக்கும் வயதாகும். புதிய போட்டிகள் முளைக்கும். எனினும், நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் முதல் தரப்பின் கை ஓங்குகிறது.

2007-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் ஒரு கடுமையான முடிவை எடுத்தது. விளையாட்டுக்குள் இருக்கும் தங்கத்தை வெளியே உண்மையான பணத்துக்கு விற்கும் கள்ளச்சந்தை அப்போது பெருகியிருந்தது. திருட்டுக் கடன் அட்டைகளும் அதில் புழங்கின. அதை ஒடுக்குவதற்காக, பாழ்நிலப் பகுதியில் வீரர்கள் ஒருவரோடொருவர் மோதும் வசதி நீக்கப்பட்டது. அடுத்த மாதமே தடையற்ற பண்டமாற்றும் முடக்கப்பட்டது. நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்கவும் வரம்பு வந்தது. கள்ளச்சந்தைக்காரனைத் தடுக்கப் போட்ட வேலி, ஊராரின் கொடுக்கல் வாங்கலையும் தடுத்தது. வீரர்கள் விளையாட்டுக்குள்ளேயே கூடி முழக்கமிட்டுப் போராடினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 12 லட்சம் வாக்குகள் பதிவாயின. 91 சதவீதம் பேர் பழைய முறையே வேண்டும் என்றனர். 2011 பிப்ரவரியில் அது திரும்பியது.

அடுத்த ஆண்டே வேறு இரண்டு மாற்றங்கள் வந்தன. பரிசுகள் தரும் ஓர் அதிர்ஷ்டச் சக்கரம் 2012-இல் அறிமுகமானது. விரைவிலேயே அதன் சுழற்சிகள் காசுக்கு விற்கப்பட்டன. ஒருவர் பல மாதங்கள் உழைத்துப் பெற்ற நிலையை இன்னொருவர் பணம் கொடுத்து நெருங்க முடியும் என்றானது. அதே ஆண்டு நவம்பரில் சண்டை முறை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. எளிய முறைக்குப் பழகிய பெருங்கூட்டம் அதை ஏற்கவில்லை. உழைப்பால் ஈட்டியதற்கு மதிப்பில்லை, கற்ற திறனுக்கும் பயனில்லை என்ற நிலையில் பலர் வெளியேறினர்.

இங்கே ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞரை நினைவுகூர வேண்டும். வெளியேற்றம், குரல், விசுவாசம் என்ற மூன்று சொற்களைத் தலைப்பாகக் கொண்ட அவரது நூல் 1970-இல் வெளிவந்தது. ஓர் அமைப்பின் தரம் குறையும்போது அதன் பயனாளர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: விட்டு விலகலாம், அல்லது உள்ளே இருந்து குரல் எழுப்பலாம். அந்த அமைப்பின் மீதுள்ள பற்று விலகலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு நேரம் வாங்கித் தருகிறது. நைஜீரிய ரயில்வேயை ஹிர்ஷ்மன் எடுத்துக்காட்டினார். அங்கே லாரிப் போக்குவரத்து வளர்ந்தும் ரயில்வே திருந்தவில்லை. உரத்துக் குறை சொல்லக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். எஞ்சியவர்களால் நிர்வாகத்தை அசைக்க முடியவில்லை.

இணைய விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. தரத்தில் அதிக அக்கறை கொண்டவர், புதியவர்களுக்குக் கற்றுத் தந்தவர், குழுக்களைக் கட்டி நடத்தியவர் ஆகியோரே குறையை முதலில் உணர்கிறார்கள். சொல்லிப் பார்த்துக் களைத்து, முதலில் விலகுபவர்களும் அவர்களே. அவர்கள் போன பிறகு எஞ்சியவர்களில், கைவிட மனமில்லாத சிலர் முன்பைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். எனவே சில காலம் வருவாய் குறையாது. கணக்கேட்டைப் பார்க்கும் நிர்வாகம் எல்லாம் நலம் என்று நம்புகிறது. மாணவரின் கேள்விக்கு என் விடை இதுதான்: தரக்குறைவு முதலில் நுழைகிறது, அதை உணர்ந்தவர்கள் விலகுகிறார்கள், அந்த விலகலே அடுத்த தரக்குறைவாகிறது. நடுவழியில் நின்று பார்ப்பவருக்கு எது முதல், எது பின் என்று தெரியாது.

எண்ணிக்கையும் இங்கே நம்பத்தக்க அளவுகோலாக இருப்பதில்லை. ஆள் இல்லாமலே நாள் முழுவதும் மரம் வெட்டும் தானியங்கி நிரல்களும் ஒரு கணக்காகவே எண்ணப்படும். வெனிசுவேலாவில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது, அங்கிருந்து பலர் இந்த விளையாட்டில் தங்கம் சேர்த்து விற்று உணவுக்கு வழி தேடினார்கள். அவர்கள் மனிதர்கள்தாம், ஆனால், விளையாட வந்தவர்கள் அல்லர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் புகழ்பெற்ற அமெரிக்க விளையாட்டுக்கு 2010-இல் 1.2 கோடி சந்தாதாரர்கள் இருந்தனர். 2015-இல் அது 55 லட்சமாகக் குறைந்ததும், இனிச் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடப் போவதில்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் ஏறியதும் வெப்பமானியை ஒளித்து வைத்தது போன்ற செயல் இது.

ரூன்ஸ்கேப் அந்த வழியில் செல்லவில்லை. 2013 பிப்ரவரியில், தன்னிடம் சேமிப்பில் இருந்த 2007 ஆகஸ்ட் மாதப் பிரதியைத் தனி விளையாட்டாக மீண்டும் திறக்கலாமா என்று ஜாகெக்ஸ் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 4,50,000 பேர் வாக்களித்தார்கள். 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' பிறந்தது. அதற்கு ஒரு விதியும் வகுக்கப்பட்டது: புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் வீரர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும், 75 சதவீதம் பேர் ஒப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பொருளியலாளர்களுக்கு இத்தகைய ஒப்பீடு அரிதாகவே கிடைக்கும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே மூலக்கதை. ஆட்சிமுறை மட்டும் வேறு. இரு விளையாட்டுகளும் இன்றுவரை அருகருகே நடக்கின்றன. பழையதன் மறுபிறப்பு 2025-இல் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் விளையாடும் அளவுக்கு வளர்ந்தது. 'நவீன' ரூன்ஸ்கேப்பில் இருப்பவர்கள் அதில் ஒரு சிறு பங்கினரே.

இதை வெறும் பழமை ஏக்கம் என்று விளக்கிவிட முடியுமா? தொடக்கப் பரபரப்பு அடங்கியபின் இந்தப் பழைய விளையாட்டிலும் கூட்டம் குறைந்தது. வாக்கெடுப்பின் வழியே புதியவை சேர்ந்த பிறகே அது மீண்டும் வளர்ந்தது. இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி சந்தை பற்றியது. 2007 நவம்பரில் மூல விளையாட்டில் ஒரு மையப் பங்குச்சந்தை போன்ற அமைப்பு வந்தது. அதற்கு முன் வீரர்கள் நகரத்து வங்கி வாசலில் நின்று, கூவி விற்று, பேரம் பேசி வாங்கினார்கள். புதிய சந்தை திறமையானது. ஆனால் வாசலில் நின்று பேசும் தேவை போயிற்று என்று பலர் வருந்தினார்கள். ஓல்டு ஸ்கூல் அந்தச் சந்தை இல்லாத காலத்துப் பிரதி. 2015-இல் அதே வீரர்கள் வாக்களித்து, அதே சந்தையைத் தாங்களே வரவழைத்துக் கொண்டார்கள்! மாற்றத்தை அவர்கள் வெறுக்கவில்லை. தங்களைக் கேட்காமல் செய்யப்பட்ட மாற்றத்தைத்தான் வெறுத்தார்கள்.

வாக்கெடுப்பு சர்வரோக நிவாரணி ஆகாது. 2019-இல் ஒரு புதிய தொழில்திறன் முன்மொழியப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தும் 75 சதவீத விதியால் அது தோற்றது. சிறுபான்மையினரான மோதல் வீரர்கள் கேட்டவற்றைப் பெரும்பான்மையினர் தொடர்ந்து நிராகரித்ததும் உண்டு. எனவே 2022-இல் வரம்பு 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மோதல் தொடர்பான சில மாற்றங்களை வாக்கெடுப்பின்றிச் செய்யவும் முடிவானது. பெரும்பான்மை ஆட்சிக்குச் சிறுபான்மைப் பாதுகாப்பு தேவை என்று அரசியல் சாசனங்கள் கண்டறிந்ததை இந்த விளையாட்டும் அனுபவத்தில் கண்டறிந்திருக்கிறது. விதி திருத்தப்பட்ட பிறகு வீரர்கள் ஒப்பிய 'கடலோட்டம்' என்ற முதல் புதிய திறன் 2025 நவம்பரில் அறிமுகமானது. அதே மாதத்தில், நவீன ரூன்ஸ்கேப்பிலும் காசுக்கு அதிர்ஷ்டப் பரிசு விற்கும் முறையை நீக்கலாமா என்று நிறுவனம் வீரர்களைக் கேட்டது. இலக்காக வைத்த 1 லட்சம் வாக்குகள் விரைவிலேயே சேர்ந்தன. அம்முறையைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பதின்மூன்று ஆண்டுகள் தாமதமாகவேனும் குரல் எட்டியிருக்கிறது.

எல்லா விளையாட்டுகளுக்கும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியாமல் போயிற்று. அதையொட்டி எழுந்த இயக்கம், விற்ற விளையாட்டைப் பயன்படுத்தக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் முறையிட்டது. 2025 ஜூலையில் அந்த மனுவின் கையொப்பங்கள் 10 லட்சத்தைக் கடந்தன. கலிஃபோர்னியா மாகாணமோ, வாடிக்கையாளர் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2024-இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுப்பதிலேயே கவனம் செலுத்துகிறது. சூதாட்டத்தைத் தடுப்பது தேவையே. ஆனால், சூதாடாமல் சந்தா கட்டி விளையாடும் நுகர்வோரின் உரிமை நம் பொது விவாதத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

விளையாட்டுக்கு இத்தனை அக்கறையா என்று சிலர் கேட்கலாம். பல லட்சம் பேர் தங்கள் இளமையின் பல்லாயிரம் மணி நேரத்தைச் செலவிட்ட இடத்தை, நட்பும் வணிகமும் நடந்த இடத்தை, வெறும் பொழுதுபோக்குப் பண்டம் என்று கருதுவது பொருந்தாது. அதன் மதிப்பில் பெரும்பகுதியை உண்டாக்கியவர்கள் அங்கு வாழ்ந்தவர்களே. ஆகவே, அதன் போக்கைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும். நிறுவனங்கள் மூன்று கடமைகளை ஏற்கலாம்: தானியங்கிகளைக் கழித்த உண்மையான எண்ணிக்கையை வெளியிடுவது, அடிப்படை விதிகளை மாற்றும் முன் வீரர்களைக் கேட்பது, மூட நேர்ந்தால், விரும்புவோர் தாமே தொடர்ந்து நடத்திக்கொள்ள வழிசெய்வது.

குறை சொல்பவர் இன்னும் உள்ளே இருக்கிறார், திருந்தினால் தொடர்ந்து இருக்க விரும்புகிறார் என்பதே அவரது குறைகூறலின் பொருள். அவரைத் தொல்லை என்று எண்ணும் நிர்வாகம், அவர் மௌனமான நாளை நிம்மதி என்று தவறாகக் கணிக்கிறது. என் மாணவர் இப்போது ஓல்டு ஸ்கூலில் புதுக்கணக்குத் தொடங்கியிருக்கிறாராம். பழைய நண்பர்களில் ஒருவரையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. விளையாட்டில் சூட்டிக்கொண்ட பெயரைத் தவிர, அவர்களைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது. விளையாட்டைப் பழைய பிரதியிலிருந்து மீட்டுவிட்டார்கள். கலைந்துபோன கூட்டத்துக்கு அப்படியொரு பிரதி எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).