வண்டி மாறும்போது வண்டிக்காரர் கதி என்ன?

காலம் மாறினால் வண்டியும் மாறத்தான் வேண்டும். ரயிலடியில் குதிரை வண்டிக்காகக் காத்து நின்ற தலைமுறை போய்விட்டது. வில் வண்டி கட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்தவர்களின் பேரன்மார் இன்று மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். இதற்காக வருந்துவதில் அர்த்தமில்லை. ஆனால், ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் ஒரு கேள்வி பிறக்கிறது. லாபம் யாருக்கு? நஷ்டம் யார் தலையில்?

சங்கரன்கோவில் வட்டாரம் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய வேளை வந்திருக்கிறது.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உண்டான தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் ஒரு முக்கியமான ஊர். சங்கரநாராயணரையும் கோமதியம்மனையும் தரிசிக்க வருகிறவர்களுக்கு வருஷம் முழுவதும் குறைவில்லை. ஆடித் தபசுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோவிலைப் போலவே இந்த ஊரை வாழவைப்பவை தறியும் பூ மார்க்கெட்டும். சுற்றுக் கிராமங்களில் விடியுமுன் பறிக்கப்படும் மல்லிகையும் பிச்சியும் காலையிலேயே மார்க்கெட் வந்து சேர வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரியும், விலை இறங்கும். தறி வேலைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், எல்லோருக்கும் வண்டி வேண்டும்.

திருநெல்வேலிக்கும் ராஜபாளையத்துக்கும் போகிற பெரிய சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பெரிய சாலையிலிருந்து விலகி உள்ளே கிடக்கும் கிராமங்களின் கதை வேறு. பஸ் வராத வேளையில் அங்கே கை கொடுப்பது ஆட்டோவும் லோடு ஆட்டோவும்தான். விடியற்காலை பூக்கூடையை ஏற்றிக்கொண்டு வருகிறவர் ஆட்டோக்காரர். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவரும் அவரே.

அதற்காக அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. ஆட்டோவுக்குச் சட்டம் அனுமதிப்பது 3 பிரயாணிகளை. ஏற்றுவதோ அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. டிரைவரின் இரு பக்கமும் ஆள் உட்கார, பின்னால் பிள்ளைகள் தொங்க, புகை கக்கிக்கொண்டு போகும் பழைய வண்டி எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது. கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் வழக்காட வேண்டும். ஆகவே இந்த வண்டிகள் மாறத்தான் வேண்டும். மாறுவது எப்படி என்பதுதான் பிரச்னை.

பஸ் எட்டாத கிராமங்களுக்கென்று தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது 1997இல். நல்ல திட்டம்தான். ஆனால் நாளடைவில் டீசல் விலை ஏறியது; வசூல் குறைந்தது; பல ஊர்களில் மினி பஸ்கள் நின்றுபோயின. நின்ற இடத்தில் மறுபடியும் ஆட்டோதான் வந்து நின்றது. பிறகு சர்க்கார் விதிகளைத் திருத்திப் புதிய விரிவான மினி பஸ் திட்டம் கொண்டுவந்தது. 2025 ஜூன் 16ஆம் தேதி தஞ்சாவூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும் பகுதி பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி.

உள்கிராமத்து மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மினி பஸ் ஓடப்போகிற அதே பாதையில் இத்தனை காலம் ஓடியவரை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் கூட்டம் நிறைந்திருக்கும் வேளையில் மினி பஸ் வந்து வசூலை எடுத்துக்கொள்ளும். விடியற்காலை பூச் சவாரியும் நள்ளிரவு ஆஸ்பத்திரிச் சவாரியும் ஆட்டோவுக்கு மிஞ்சும். அவற்றை மட்டும் நம்பி வட்டிக்கு வாங்கிய வண்டியின் தவணையைக் கட்ட முடியுமா? கட்ட முடியாமல் அவர் வண்டியை விற்றுவிட்டால், அந்த வேளையில் கிராமத்துக்கு யார் வருவார்கள்? வண்டிக்காரரின் நஷ்டம் முடிவில் கிராமத்தின் நஷ்டமாகவே வந்து சேரும்.

இதே தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்ததுண்டு. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973இல் மு. கருணாநிதியின் அரசு ஒழித்தது. கை ரிக்‌ஷாவைப் பிடுங்கிக்கொண்டு தொழிலாளியைத் தெருவில் நிறுத்தவில்லை. பதிலாக சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. பழைய கருவியை எடுக்கும் கை புதிய கருவியைக் கொடுக்கவும் வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது.

அந்த நியாயத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்து ஓர் உதாரணம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸில் விட்டுச் சென்ற ஜீப்புகளை அந்நாட்டு மக்கள் நீட்டி, கூரை போட்டு, வர்ணம் தீட்டி, பிரயாணிகள் வண்டியாக்கினார்கள். ஜீப்னி என்று பெயர். நம்மூர் ஷேர் ஆட்டோவைப் போல அது ஏழைகளின் வாகனம். பழைய ஜீப்னிகளை மாற்றப் போவதாக 2017இல் அந்த அரசாங்கம் அறிவித்தது. தனித்தனியாக ஓட்டுகிறவர்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ கம்பெனியிலோ சேர்ந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 30 கெடு. புதிய வண்டியின் விலையோ 20 லட்சம் பெசோவுக்கும் மேல். தினக்கூலி போல அன்றாட வசூலில் வாழ்கிறவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வேலை நிறுத்தத்துக்கு மேல் வேலை நிறுத்தம் நடந்தது. சங்கமாகச் சேர்வது நல்ல யோசனைதான். தாங்க முடியாத கடனை அந்தச் சங்கத்தின் தலையில் ஏற்றியதுதான் கோளாறு.

இந்த இரண்டு பாடங்களையும் மனத்தில் கொண்டு சங்கரன்கோவிலில் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, எந்தப் பாதையில் எந்த நேரத்தில் ஜனங்கள் ஆட்டோவை நம்பியிருக்கிறார்கள் என்பதை அதிகாரிகள் கிராமம் கிராமமாகக் கேட்டறிய வேண்டும். மினி பஸ் பர்மிட் கொடுக்கும்போது பூ மார்க்கெட்டுக்கான விடியற்காலை நடையையும் இரவின் கடைசி நடையையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும். கூட்டம் உள்ள வேளையில் மட்டும் ஓடிவிட்டு மற்ற வேளையில் ஷெட்டில் நிற்கும் பஸ்ஸால் கிராமத்துக்கு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, அந்தப் பாதையில் ஓட்டிவந்த ஆட்டோக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மினி பஸ் வாங்க முன்வந்தால் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். கூட்டுறவு பாங்கிகள் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். வசூல் குறைந்த மாதத்தில் தவணைக்கு அவகாசமும் வேண்டும். பஸ் ஓட்டும் லைசென்ஸுக்கான பயிற்சியை இலவசமாக அளித்தால், முதலாளியாக முடியாதவர் டிரைவராகவாவது பிழைப்பார்.

மூன்றாவது, மினி பஸ் போக முடியாத குறுகிய பாதைகளில் பழைய ஆட்டோவுக்குப் பதில் மின்சார ஆட்டோ வரட்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மூன்று சக்கர மின்சார வண்டிகளுக்கு மானியம் ஒதுக்கப்பட்டது. ஆனால் மானியம் போக மீதிப் பணத்தைத் தனியார் வட்டிக்காரரிடம் வாங்க நேர்ந்தால், மானியத்தால் கிடைத்த லாபமெல்லாம் வட்டியில் கரைந்துபோகும். கடனுக்கும் வழி செய்தால்தான் மானியம் முழுப் பலன் தரும்.

ஆட்டோக்காரர்களுக்கும் கடமை உண்டு. 3 பேருக்கான வண்டியில் 8 பேரை ஏற்றும் வழக்கத்தை அவர்கள் விட வேண்டும். புதிய பஸ் வருகிறதென்று பாதையை மறிப்பதும் கூடாது. ஜனங்களின் அனுதாபம்தான் அவர்களுடைய பலம். அதை இழந்தால் அவர்களுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சங்கரன்கோவிலின் உள்கிராமங்களுக்குப் புதிய பஸ் வரட்டும், விரைவில் வரட்டும். பஸ்ஸே வராத காலத்தில் அந்தக் கிராமங்களுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும். பர்மிட் தாளில் கையெழுத்திடும் முன் அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களாக.