அல்லேலூயாவுக்கு உரிய இடம்

கிறிஸ்து பிறப்பின் பண்டிகை நெருங்குங்கால், நம் ஆலயங்கள் பலவற்றிற் பாடகர் குழுவினர் கூடி, கீத ஆராதனையின் இறுதியில் எப்பாட்டைப் பாடுவது என்று ஆராய்வதுண்டு. ஆராய்ச்சி பெயரளவே, முடிவு யாவரும் முன்னரே அறிந்தது. ஹாண்டெல் இயற்றிய ‘மேசியா’வில் வரும் அல்லேலூயாக் கோரஸே அது. எங்கள் ஊர்க் குழுவில் டெனர் பாடும் யானும் நான்கு டிசம்பர்களாக அதனைத் தொண்டை வறளப் பாடியிருக்கிறேன். அதன் பெருமையை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்குரிய இடம் இதுவன்று என்பதே என் துணிபு.

‘மேசியா’ மூன்று பாகங்களையுடையது. முதற்பாகம் தீர்க்கதரிசனத்தையும் இரட்சகரின் பிறப்பையும் கூறும். இரண்டாவது அவர் பாடுகளையும் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் கூறும். அல்லேலூயா நிற்பது இவ்விரண்டாம் பாகத்தின் முடிவிலாகும். அதன் சொற்கள் வெளிப்படுத்தின விசேஷத்தினின்று எடுக்கப்பட்டவை. அதற்கு நேர் முன்னர் ஒரு டெனர் குரல், பகைவர் மட்கலம்போல் நொறுக்கப்படுவதை இரண்டாம் சங்கீதத்திலிருந்து பாடுகிறது. ஆகவே அது போர் முடிந்தபின் எழும் வெற்றி முழக்கம். முன்னணையிற் கிடக்கும் மகவின்முன் அதனை முழக்குதல், பிள்ளைத்தமிழ் பாடவேண்டிய அவையிற் பரணி பாடுவதை ஒக்கும்.

இந்நூல் கிறிஸ்மஸுக்கென எழுந்ததும் அன்று. சார்லஸ் ஜென்னன்ஸ் திரட்டித் தந்த வேதவாக்கியங்களுக்கு ஹாண்டெல் 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 முதல் செப்டம்பர் 14 வரை, 24 நாளில் இசையமைத்தார். முதன்முதல் அது டப்ளின் நகரிற் பாடப்பட்டது 1742 ஏப்பிரல் 13-இல். அன்று சேர்ந்த பொருளின் ஒரு பங்கைக்கொண்டு, கடனாற் சிறைப்பட்டோர் 142 பேர் விடுவிக்கப்பட்டனர் என்பர். (நம் கீத ஆராதனைக் காணிக்கை எங்கே செல்கிறது என்று கேட்பதற்கு ஈண்டு இடமில்லை.) கிறிஸ்மஸோடு அதனைப் பிணைத்தவர் பிற்காலத்தவர். பாஸ்டன் நகரத்துச் சங்கீத சபையார் 1818 டிசம்பர் 25-இல் அதனை முழுமையும் பாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழக்கம் வேரூன்றிற்று.

இவற்றையெல்லாம் எங்கள் குழுத்தலைவரிடம் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாய்க் கேட்டு, “தம்பி, அந்த ஒரு பாட்டுக்குத்தானே ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள்!” என்றார். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார் என்னும் கதையே இவ்வழக்கத்திற்கு ஆதாரம். அக்கதையோ, நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 37 ஆண்டு கழித்து, 1780-இல் எழுதிய ஒரு கடிதத்திற்றான் காணப்படுகிறது. எனினும் இவ்விடத்தில் என் வாதம் சற்றுத் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பாட்டியார் ஆங்கிலம் அறியார். அக்கோரஸ் தொடங்கியதும் கைத்தடியை ஊன்றி எழுந்து கண்ணீர் வடிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நீங்கள் பாடினதில் எனக்கு விளங்கின வார்த்தை அது ஒன்றுதானே, அப்பா” என்றார். அதன்பின் அக்கண்ணீரை நினைந்து என்னாற் களிக்க முடியவில்லை. ஒரு மாலை முழுவதும் நாங்கள் பாடியவற்றுள் அவருக்கு எட்டியது ஒரே சொல். அதுவும் எபிரேயச் சொல்!

முதற்பாகத்தில் நமக்கு என்ன குறை? மேய்ப்பர் கதை தொடங்குமுன் ‘பீபா’ என்னும் சிறு வாத்திய இசை வருகிறது. கிறிஸ்மஸ் காலத்தில் ரோமாபுரி வீதிகளிற் குழலூதி வரும் மலைநாட்டு மேய்ப்பரின் இசையை நினைந்து ஹாண்டெல் இட்ட பெயர் அது. பின்னர்த் தேவதூதர் கோரஸ் வருகிறது. நூலில் எக்காளம் முதன்முதல் ஒலிக்கும் இடம் இதுவே. அதுவும் தொலைவிலிருந்து வருவதுபோற் சற்று மெல்ல ஊதுமாறு ஆசிரியர் குறித்துள்ளார். முடிவில் வாத்தியங்கள் படிப்படியாய்த் தணிந்து அடங்குகின்றன. தூதர் வானத்துள் மறைகின்றனர், வயலில் மீண்டும் இருள் சூழ்கிறது. முழக்கத்திற்கே பழகிய நம் குழுவினர் இவ்வடக்கத்தைப் பயிலுதல் நலம்.

இவையனைத்தினும் எனக்கு உவப்பானது ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தினின்று எழுந்த பாலகன் பிறப்புக் கோரஸ். அதன் இசையின் பெரும்பகுதி, அவ்வாண்டு ஜூலையில் ஹாண்டெலே ஓர் இத்தாலியக் காதற்பாட்டுக்கு அமைத்தது. காதலை இனி நம்பேன் என்று ஊடுவது அப்பாட்டு! அவ்விசையைக் கொண்டு அவர் இவ்வளவு தூய மகிழ்ச்சியைக் காட்டியது வியப்பே.

தமிழில் இதனைப் பாடலாகாதா என்பதே என் வினா. மேனாட்டு இசைக்குத் தமிழ்ச்சொல் அமைப்போர் பெரும்பாலும் இடறுமிடம் குறில் நெடில். குறிலின்மேல் நீண்ட சுரம் விழுந்தால் ‘பலர்’ ‘பாலர்’ ஆகிவிடுவர். இக்கோரஸிலோ, பிறந்தமையைக் கூறும் ஆங்கிலச்சொல்லின் ஒரே அசைமேல் நெடியதொரு சுர ஓட்டம் செல்கிறது. நம் ‘பிறந்தார்’ என்னும் வினைமுற்றின் ஈற்றசை நெடில். எத்துணை நீட்டினும் பொருள் திரியாது. அவ்வோட்டத்திற்கென்றே அமைந்ததுபோல் அச்சொல் நிற்கிறது.

தலைவர் இவ்வாண்டு இதனை ஒருமுறை முயன்று பார்க்க இசைந்தார். இறுதியில் அல்லேலூயாவும் உண்டு. அதனை ஈஸ்டர் விடியற்காலைக்கு ஒத்திவைக்க அவர் இன்னும் உடன்படவில்லை. சனிக்கிழமைதோறும் மாலையில் ஒத்திகை நடைபெறுகிறது. அச்சுர ஓட்டத்தில் டெனர் மூவர் இன்னும் இடறுகிறோம். பாட்டியார் வாசலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.