என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது!

"எங்க கிரவுண்டுல வந்து எங்களை அடிச்சுட்டுப் போகச் சொல்லுங்கண்ணே!" மதுரையைச் சுத்தி எந்த டென்னிஸ் பால் டீமைக் கேட்டாலும் இந்த டயலாக்தான். சரி, மேலூர்ல டோர்னமென்ட் நடக்குது, வர்றீங்களான்னு கேட்டுப் பாருங்க. பிட்ச் சரியில்ல, பந்து எந்திரிக்காது, அம்பயர் அவிங்க ஆளு... காரணம் வரிசையா வரும்.

நம்ம பொட்டிதட்டுற தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு. ப்ரோக்ராம் கஸ்டமர்கிட்ட போய்ப் படுத்துடும். எழுதினவனைக் கேட்டா, "என் மெஷின்ல நல்லா ஓடுதே" அப்படிம்பான். ஏன்டா, உன் மெஷினைத் தூக்கியா கஸ்டமருக்குக் கொடுக்க முடியும்?

கண்மாய் கிரவுண்டுல ஆடுறவங்களுக்கு நான் சொல்றது புரியும். கரம்பை மண்ணு வெடிச்சுக் கிடக்கும். பந்து முழங்காலுக்கு மேல வராது. லெக் சைடுல சீமைக்கருவேலம், அதுக்குள்ள போனா ரெண்டு ரன் டிக்ளேர். இதுலயே வருசக்கணக்கா ஆடினவனுக்கு குனிஞ்சு இழுத்து அடிக்கிற ஒரே ஷாட்டுதான் தெரியும். செம்மண் தரையில அதே பந்து நெஞ்சுக்கு வந்தா பேட்டை எங்க வைக்கிறதுன்னே தெரியாம முழிப்பான். அப்புறம் பிட்ச் மேல பழி.

நாம மட்டும் இல்ல, இந்தியா டீமுக்கும் இதே வியாதிதான். 2013ல ஆரம்பிச்சு சொந்த மண்ணுல தொடர்ச்சியா 18 டெஸ்ட் தொடர் ஜெயிச்சாங்க. 2024ல நியூசிலாந்து வந்தான், 3-0. புனேயில பந்து திரும்புச்சு, சான்ட்னர் 13 விக்கெட். மும்பையில திரும்புச்சு, அஜாஸ் படேல் 11 விக்கெட். 2025 நவம்பர்ல கொல்கத்தா, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா 124 அடிச்சா போதும், 93க்கு ஆல் அவுட். அடுத்தவனுக்கு வெட்டின குழி யாருக்கு உதவுச்சு பாருங்க. சேப்பாக்கம் கோட்டைன்னு சலம்பின நம்ம சிஎஸ்கேவும் 2008க்கு அப்புறம் 2025லதான் அங்க ஆர்சிபிகிட்ட தோத்துச்சு. அந்த சீசன்ல கடைசி இடம் வேற. (அடிக்க வராதீங்கப்பா, நானும் மஞ்சச் சட்டைதான்.)

இப்ப மறுபக்கம். 1988க்கு அப்புறம் பிரிஸ்பேன் காபாவில ஆஸ்திரேலியா டெஸ்ட் தோத்ததே கிடையாது. 2021 ஜனவரியில அங்க இந்தியா 328 ரன்னைத் துரத்தி ஜெயிச்சுது. அந்த மேட்ச்லதான் நெட் பவுலராப் போன சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு டெஸ்ட் அறிமுகம், முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட். அவரும் டென்னிஸ் பால்ல ஆரம்பிச்ச ஆளுதான். "எங்க ஊர் மண்ணு மாதிரி இல்லையே"ன்னு அவர் சேலத்துலயே உக்காந்திருந்தா?

கோல்ஃப்ல இதுக்குக் கணக்கே வச்சிருக்காங்க. இந்தா இருக்கிற கொடைக்கானல்ல 1895லயே கோல்ஃப் கிளப் வந்தாச்சு. அந்த ஆட்டத்துல மைதானத்துக்கு மைதானம் நீளம், மேடு பள்ளம், மரம் எல்லாமே வேற. அதனால ஒவ்வொண்ணுக்கும் 55லேர்ந்து 155 வரைக்கும் 'ஸ்லோப் ரேட்டிங்'னு ஒரு நம்பர், 113ங்கிறது சாதாரணம். வெளி மைதானத்துல ஆடப் போனா அதுக்குத் தக்கன உங்க ஹேண்டிகேப்பும் மாறிடும். உள்ளூர்ல எடுத்த மார்க்கு அப்படியே வெளியூர்ல செல்லாதுன்னு விதியிலயே ஒத்துக்கிட்ட ஆட்டம் அது.

"சொந்த மண்ணைத் தெரிஞ்சு வச்சிருக்கிறதும் திறமைதானே?" நியாயமான கேள்வி. ஆனா மண்ணைப் படிக்கிறது வேற, ஒரே மண்ணை மனப்பாடம் பண்றது வேற. இஞ்சினியரிங் காலேஜ்ல பழைய கொஸ்டின் பேப்பரை உருப்போட்டுப் பாஸானவங்களுக்கு (கையைத் தூக்குங்க!) வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இதை மதுரைக்காரனுக்கு நான் சொல்லணுமா? கட்டுத்தறியில நின்னு முட்டுற மாட்டை எவன் மதிக்கிறான்? புதுக்கோட்டை, சிவகங்கையில இருந்து வண்டியில ஏத்தி வந்து, முன்னப்பின்ன தெரியாத அலங்காநல்லூர் வாடிவாசல்ல அவுத்துவிட்டு, பிடிபடாமப் போச்சுன்னாத்தான் அதுக்குப் பேரு. மாட்டுக்கு வைக்கிற பரீட்சையை நமக்கு வச்சுக்கப் பயம்!

கேப்டனுங்களே, ஒண்ணு செய்யுங்க. இந்தக் கோடையில சொந்த கிரவுண்டுல ஒரு மேட்ச்சுன்னா, வெளியில ரெண்டு. திருமங்கலம் போங்க, உசிலம்பட்டி போங்க, நத்தம் போங்க. முதல் நாலு மேட்ச் செமத்தியா வாங்குவீங்க. வாங்குங்க. உங்க டீம்ல பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் நல்லாப் போடுவான்ல, அவன் வேற மண்ணைப் பார்க்கட்டும். உங்க ரெக்கார்டைக் காப்பாத்த அவனைக் கண்மாய்க்குள்ளயே கட்டி வைக்காதீங்க.

டிஸ்கி: "சேப்பாக்கத்தைப் பத்தி எப்படிப் பேசலாம்"னு வர்ற பின்னூட்டங்களும் வெளியிடப்படும். கும்முங்க!